ஆறாம் பாகத்தில் இல்லாத காட்சி

மத்தியானம் ஒரு மணிக்குத் தீர்ப்பு என்று 'பூசணிக்கஞ்சி' என்ற புனைபெயர்க்காரி காலையிலேயே போன் அரட்டை அறையில் தண்டோரா போட்டுவிட்டாள். ஒரு தொடரின் கடைசிப் பாகம் ஒளிபரப்பாகும் நாளில் அந்த அரட்டை அறையில் அதுதான் வழக்கம். ஆளுக்கொரு கொலைகாரனைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவேண்டும், காரணமும் சொல்லவேண்டும். ராத்திரி உண்மை தெரிந்த பிறகு தோற்றவர்கள் ஜெயித்தவருக்குப் பொரித்த கோழிக்கான கூப்பனைப் போனில் அனுப்பவேண்டும். நாலு வருஷத்தில் பதினெட்டுத் தொடர்கள் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

அறையில் மூன்றே பேர். பெயர், வயது, வேலை எதுவும் கேட்கக்கூடாது என்பது முதல் விதி. ஆனால் நாலு வருஷம் வாயடித்தால் எதுதான் மறைந்திருக்கும்? பூசணிக்கஞ்சி தேஜோன் நகரத்தில் சலவைக்கடை வைத்திருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள். இஸ்திரிப் பெட்டியின் ஆவிக்கு நடுவே போனை நிறுத்திவைத்துக்கொண்டு துப்பறியும் தொடர்களாகப் பார்த்துத் தள்ளுவாள். 'நிறுத்திப்பார்' உல்சான் துறைமுகத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறவன். இரும்பைப் பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்ப்பது அவன் தொழில். அந்தக் கண்ணோடுதான் தொடரையும் பார்ப்பான். கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலைக்கூட விடாமல் நிறுத்தி நிறுத்திப் படிப்பான். அவனுக்கு விஞ்ஞானக் கதை உயிர். அவளுக்கு விஞ்ஞானம் என்றாலே எரிச்சல்.

"மிஷினை வெச்சுக் கொலைகாரனைப் பிடிச்சா அது துப்பறியுற கதையா தம்பி? அரிசி கழுவுற மிஷின் வாங்கினா நான் சமையல்காரின்னு சொல்ற மாதிரி இருக்கு" என்பாள் அவள்.

"மிஷினுக்கு ஒரு விதி இருக்குக்கா. மனுஷனுக்குத்தான் விதி கிடையாது" என்பான் அவன். இந்தச் சண்டை நாலு வருஷமாக ஓய்ந்தபாடில்லை.

மூன்றாவது ஆள் ஹேரின். அறையில் அவள் பெயர் 'ஊறின நூடுல்ஸ்'. அவளைப் பற்றி மட்டும் மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. ஏதோ ஆபீஸில் டைப் அடிக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். பொய்யில்லை. ஆனால் அவள் டைப் அடிப்பது தொலைக்காட்சித் தொடருக்குக் கதை வசனம். இன்றைக்கு அவர்கள் தீர்ப்புச் சொல்லப்போகிற 'கடைசிப் பதினொரு நிமிடம்' தொடரில் அவள் மூன்றாம் எழுத்தாளர், அதாவது கடைக்குட்டி. காப்பி வாங்கிவருவதும் அவள்தான், விடிய விடியத் திருத்தம் போடுவதும் அவள்தான்.

தொடர் ஆரம்பித்த அன்றே அரட்டை அறையைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். வேலையைப் பற்றி வெளியே மூச்சுவிடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அல்லவா? மனசு வரவில்லை. பத்தடிக்குப் பத்தடி அறையில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு, அந்த இரண்டு பேரைவிட்டால் சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஹேரின் தயாரிப்புக் கம்பெனியின் ஐந்தாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இரும்புக் கதவு மூடியிருந்தது. மூன்று மணிக்கு வக்கீல் அறையில் அவளுக்கு விசாரணை. வரும்போது போனும் கையில் இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை, தொடர் ரசிகர்கள் கூடும் ஒரு பொதுத்தளத்தில் யாரோ ஒரு பதிவு போட்டார்கள். தொடரில், செத்தவர்கள் கடைசியாகக் கண்ட பதினொரு நிமிடத்தைத் திரையில் காட்டும் மிஷின், அதை இயக்கும் டெக்னீஷியன், அவன்தான் கொலைகாரன் என்று. ஆதாரம் என்ன? ஆறாவது பாகத்தில் அவன் சுவர்க் கடிகாரத்துக்கு இடது கையால் சாவி கொடுக்கிறானாம். நான்காவது பிணத்தின் கண்ணில் பதிந்ததும் இடது கைதானாம். பதிவு தீயாகப் பரவியது. கூடவே இன்னொன்றையும் ஜனங்கள் கண்டுபிடித்தார்கள். ஆறாவது பாகத்தில் அப்படி ஒரு காட்சியே இல்லை.

அந்தக் காட்சி ஆரம்பப் பிரதியில் இருந்தது. எழுதியவளே ஹேரின்தான். படப்பிடிப்புக்கு அச்சாகும் முன் தலைமை எழுத்தாளர் அதைத் தூக்கிவிட்டார். அப்போது ஹேரின் எட்டாவது பாகத்தில் மூழ்கிக் கிடந்தாள். அச்சான பிரதியையும் பார்க்கவில்லை, ஒளிபரப்பையும் பார்க்கவில்லை. வாரம் இரண்டு பாகம் எழுதித் தள்ளுகிறவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? அவள் மனசுக்குள் டெக்னீஷியன் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டேதான் இருந்தான்.

அந்தப் பிரதி மொத்தம் மூன்றே மூன்று. ஒன்று தலைமை எழுத்தாளர் ஓக் மியோங்ஜூவிடம், இரண்டாவது துணை எழுத்தாளர் குவாக் நாரேயிடம், மூன்றாவது ஹேரினிடம். நாரே தன் பிரதியை ஒருநாள் டாக்சியில் தொலைத்துவிட்டிருந்தாள். எல்லார் கண்ணும் இப்போது நாரே மேல்தான்.

ஆனால் மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே அரட்டை அறையில் நடந்தது ஹேரினுக்குத் தெரியும்.

ஐந்து வாரம் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள், பாவம். தெரிந்த கதையைத் தெரியாத மாதிரி, தொடரில் வரும் படகுக்காரன்தான் கொலைகாரன் என்று வேண்டுமென்றே உளறிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பூசணிக்கஞ்சி, "அந்த டெக்னீஷியன் எதுக்குடீ கதையில? சட்டை மாட்டுற ஹேங்கர் மாதிரி மூலையில நிக்குறான். எழுதினவளுக்கு மூளை மழுங்கிப்போச்சு" என்று எழுதினாள். டெக்னீஷியன் ஹேரின் பெற்ற பிள்ளை. தலைமை எழுத்தாளரோடு மல்லுக்கட்டிக் கதைக்குள் கொண்டுவந்த ஒரே பாத்திரம். சுருக்கென்றது. விரல் தானாக ஓடிவிட்டது.

"ஹேங்கரா? ஆறாவது பாகத்துல இடது கையால கடிகாரத்துக்குச் சாவி கொடுக்குறானே, அதை யோசிச்சீங்களாக்கா? நாலாவது பிணத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க!"

"எந்த ஸீன்?" என்று கேட்டான் நிறுத்திப்பார்.

"போய் நிறுத்திப் பாருங்க அண்ணா, பேரு மட்டும் வெச்சுக்கிட்டா போதுமா?" என்று நக்கல் வேறு அடித்தாள். அடிப் பாவி மகளே!

அதற்குப் பிறகு அவன் அந்தக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதையும் விடாத மனுஷன் பேசாமல் இருந்ததுதான் இப்போது அவளைப் பயமுறுத்தியது. பதிவைப் போட்டது அவன்தானோ? மூன்று வாரம் தேடி, காட்சி இல்லை என்று தெரிந்து, இவள் கம்பெனிக்கு உள்ளே இருப்பவள் என்று கணக்குப் போட்டு... அண்ணனா இப்படிச் செய்வான்? செய்யமாட்டான் என்றும் தோன்றியது, வேறு யார் என்றும் தோன்றியது.

ஒரு மணி அடித்தது. போன் அதிர்ந்தது.

"நீதிமன்றம் கூடியாச்சு!" என்றாள் பூசணிக்கஞ்சி. "கடைக்குட்டி முதல்ல. நூடுல்ஸ், உன் குற்றவாளி யாரு?"

ஹேரினின் கட்டைவிரல் 'வெளியேறு' என்ற பொத்தான் மேல் நின்றது. ஒரு தொடு தொட்டால் போதும், இவளிடம் அந்த அரட்டை அறையும் இருக்காது, நாலு வருஷப் பேச்சும் இருக்காது. மூன்று மணிக்கு வெறும் போனை நீட்டலாம். அவள் தொடவில்லை.

"படகுக்காரன்" என்று அடித்தாள். "எல்லாக் கொலையிலயும் கடைசிப் படகை ஓட்டினவன் அவன்தான்."

"இதென்னடீ கூத்து! கட்சி மாறிட்டியா? டெக்னீஷியனுக்காக என் மேல எரிஞ்சு விழுந்தியே!"

"இருங்கக்கா" என்று குறுக்கே வந்தான் நிறுத்திப்பார். "நூடுல்ஸ், உன்கிட்ட எனக்கு ஒரு கேள்வி இருக்கு. மூணு வாரமாக் கேக்கணும்னு இருந்தேன்."

படிக்கட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள் ஹேரின். அவன் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் வந்தன, மறைந்தன, மறுபடி வந்தன.

"ஆறாவது பாகம். அறுபத்தெட்டு நிமிஷம். முழுசா நாலு தடவை பாத்தேன். நீ சொன்ன அந்த இடது கை..."

"அய்யோ, அதைச் சொல்லுங்க முதல்ல!" பூசணிக்கஞ்சியால் அடக்கமுடியவில்லை. "தீர்ப்புக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன், இனிமே முடியாது. பொதுத்தளத்துல ஒரு பதிவு ஓடுதே, பாத்தீங்களா? நான்தான் போட்டேன்!"

ஹேரின் அந்த வரியைத் திரும்பப் படித்தாள்.

"அங்க ஒருத்தன், இந்தத் தொடர்ல ஒரு தடயம்கூட ஒழுங்கா இல்லைன்னு திமிராப் பேசிக்கிட்டிருந்தான். எனக்கு வந்துச்சே கோபம்! எங்க வீட்டுச் சின்னப் பொண்ணு கண்டுபிடிச்சதைக் கேளுடான்னு, நூடுல்ஸ் சொன்னதை அப்படியே எழுதிட்டேன். மூணு லட்சம் பேர் படிச்சிருக்காங்கடீ! அந்த ஸீன் இல்லவே இல்லை, எழுதினவ கம்பெனி உள்ளாள்னு சில லூசுங்க கத்துதுங்க. தேஜோன்ல சட்டைக் காலரைத் தேய்ச்சுக்கிட்டிருக்குற உள்ளாள்! சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சிடுச்சு. தம்பி, நீ சொல்லு. நீதான் நாலு தடவை பாத்திருக்கியே. அந்த ஸீன் இருக்குல்ல?"

மூன்று புள்ளிகள் வரவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. நாலு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட, யாருக்காகவும், இல்லாததை இருக்கிறது என்று சொன்னதில்லை. பூசணிக்கஞ்சி கடை திறந்த நாளைத் தவறாகச் சொன்னபோதுகூடத் திருத்தியவன் அவன்.

"இருக்குக்கா" என்று வந்தது. "நாப்பத்தோராவது நிமிஷம். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள போயிடும். அதான் யாரும் கவனிக்கல."

"அப்படிப் போடு! லூசுப் பயலுகளா! என் குற்றவாளி டெக்னீஷியன்தான்!"

"அது என்னமோ போகட்டும். என் குற்றவாளியும் படகுக்காரன்தான்" என்றான் அவன். "நூடுல்ஸ், என் கேள்வியை வாபஸ் வாங்கிக்கிறேன்."

ஹேரின் போனை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பதிவு போடவில்லை. அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இவனைப்போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு வக்கீல் அறைக்குப் போனபோது வெளி நாற்காலியில் நாரே உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நாரேக்கு இது ஏழாவது வருஷம். அடுத்த தொடரில் தனியாகப் பெயர் வரப்போகிறது என்று போன மாதம்தான் எல்லாருக்கும் பன்றி வயிற்றுக்கறி வாங்கிக் கொடுத்தாள்.

"டாக்சியிலதான் விட்டேன் ஹேரின். சத்தியமா யாருக்கும் குடுக்கல. ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க."

ஹேரின் உள்ளே போனாள்.

வக்கீல் ஒருவரும் தலைமை எழுத்தாளரும் இருந்தார்கள். ஓக் மியோங்ஜூ அறுபதை நெருங்கியவர். இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று கண் சொன்னது. மேசை மேல் ஒரு தாள்.

"நேரமில்லை, சுருக்கமா முடிச்சுடலாம்" என்றார் அவர். "நாரே காகிதங்களைக் கண்ட இடத்துல போடுறவன்னு உனக்கே தெரியும். அதை எழுதி ஒரு கையெழுத்துப் போடு. அவ இடத்துக்கு நீ வர்ற. அடுத்த தொடர்ல ரெண்டாவது பேரு உன்னோடது. அதோட அந்தப் பதிவு போட்ட ஆள் மேல திங்கட்கிழமை போலீஸ்ல புகார். நஷ்ட ஈடு கேட்டா குடும்பமே தெருவுக்கு வந்துடும்."

சினிமாவில் வருகிற மாதிரி எல்லாம் கையில் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தது. பேனாகூடத் திறந்தே இருந்தது. ஒரு கையெழுத்து. நாலு வருஷம் காப்பி சுமந்ததற்குக் கூலி. நாரே தொலைத்தது உண்மைதானே? பூசணிக்கஞ்சியின் நிஜப் பெயர்கூட இவளுக்குத் தெரியாதே? இப்படியெல்லாம் மனசு ஒரு பக்கம் வக்கீல் வேலை பார்த்தது. இன்னொரு பக்கம் ஆவி பறக்கிற இஸ்திரிப் பெட்டியும், எங்க வீட்டுச் சின்னப் பொண்ணு என்ற வார்த்தையும் வந்து நின்றன.

ஹேரின் போனை எடுத்து மேசை மேல் வைத்தாள். மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை திரையில் இருந்தது.

"நாரே அக்கா இல்லை. நான்தான் சொன்னேன்."

தலைமை எழுத்தாளர் இன்றைய பேச்சு வரைக்கும் தள்ளித் தள்ளிப் படித்தார். முகத்தில் ரத்தம் ஏறியது.

"அறிவு கெட்டவளே! கண்டவங்க கூட அரட்டை அடிச்சு... பதினாறு பாகத்தை, நூத்தைம்பது பேர் உழைப்பை, ஒரு ஹேங்கருக்காகவா வித்த?"

"விக்கல. ரோஷம் வந்துடுச்சு. தப்புதான்."

"பதிவு போட்டது இந்தப் பூசணிக்கஞ்சியா? யார் அவ?"

"தெரியாது. ஆனா அவங்களுக்கு அந்தக் காட்சி வரலன்னுகூடத் தெரியாது. என்னை நம்பித்தான் எழுதினாங்க. புகார் குடுக்கணும்னா என் மேல குடுங்க. நஷ்ட ஈட்டையும் என்கிட்டயே கேளுங்க. அவங்களை விட்டுடுங்க." அவள் தலை குனியவில்லை.

வக்கீலும் மியோங்ஜூவும் பக்கத்து அறைக்குப் போய்ப் பேசினார்கள். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் கழித்து மியோங்ஜூ மட்டும் திரும்பி வந்தார்.

"புகார் இல்லை. சொந்த எழுத்தாளரே உளறினான்னு வெளிய தெரிஞ்சா கம்பெனி மானம் போயிடும். நாரே தப்பிச்சா. நீ இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கக்கூடாது. ராத்திரி ஓடுற பெயர்ப் பட்டியல்ல உன் பேரு இருக்காது, எடிட்டிங் ரூமுக்குச் சொல்லியாச்சு."

ஹேரின் எழுந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தக் காட்சியை ஏன் தூக்கினேன்னு தெரியுமா?"

"மோசமா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆறாவது பாகத்துலயே கொலைகாரன் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதான் தூக்கினேன்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போ."

ராத்திரி எட்டு மணிக்கு ஹேரின் தன் அறையில் சுவரில் சாய்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிவந்த முக்கோணச் சோற்று உருண்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. அவள் எழுதிய வசனங்களை நடிகர்கள் பேசினார்கள். ஒன்பதே காலுக்கு டெக்னீஷியன் கையில் விலங்கு விழுந்தது.

அரட்டை அறையில் ஆரவாரம் வெடித்தது.

"ஜெயிச்சுட்டோம்டீ!" பூசணிக்கஞ்சி தொடர்ந்து ஏழு தடவை அதையே அனுப்பினாள். "இடது கைக்காரன்தான்! ரெண்டு பேரும் படகுக்காரன் பின்னால போய் ஏமாந்தீங்களா? ஆனா நூடுல்ஸ், மூளை உன்னோடது. எனக்குக் கோழி வேண்டாம். இந்தா, நான் உனக்கு அனுப்புறேன். பாதி காரம், பாதி சாதா. நீ சரியாச் சாப்பிடுறதே இல்லைன்னு எனக்குத் தெரியும்."

கூப்பன் வந்து விழுந்தது. ஹேரின் திரையைப் பார்த்தாள். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியிருந்தது. எழுத்து, ஓக் மியோங்ஜூ. துணை எழுத்து, குவாக் நாரே. அடுத்து விளக்கு, ஒலி, உடை. அவ்வளவுதான். முன்பே சொல்லிவிட்டார்கள், ஆனாலும் பட்டியல் முடியும்வரை தேடினாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. இது அறையில் அல்ல, தனியாக. நாலு வருஷத்தில் நிறுத்திப்பார் தனியாக எழுதியது இதுதான் முதல் தடவை. இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். ஒன்றில் பதினைந்தாம் பாகத்தின் பெயர்ப் பட்டியல் நிறுத்தப்பட்டிருந்தது. இன்னொன்றில் இன்றையது.

"பதினஞ்சு பாகத்துல எழுத்துக்கு மூணு பேரு. இன்னிக்கு ரெண்டுதான்" என்று எழுதியிருந்தான். "பியோன் ஹேரின்ங்கிறது நீதானே?"

அவள் பதில் எழுதுமுன் அடுத்தது வந்தது.

"எங்களுக்காக வேலை போச்சா?"

"என் வாயால போச்சு அண்ணா" என்று ஒருவழியாக எழுதினாள். "நீங்க எதுக்கு அக்காகிட்ட அப்படிச் சொன்னீங்க? இல்லாத ஸீனை."

"நாலு தடவை தேடியும் கிடைக்கல. அப்புறம் கண்ணை மூடி நானே ஓட்டிப் பாத்தேன். கடிகாரம், சாவி, இடது கை. மூணு வாரமா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நாப்பத்தோராவது நிமிஷத்துலதான் அது வரணும், வேற எங்க வெச்சாலும் ஒட்டாது. நான் அதைப் பாத்தேன், ஹேரின். அதனால பொய் சொல்லல."

அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நாற்பத்தோராவது நிமிடத்தில்தான் அவள் எழுதியிருந்தாள்.

"அக்காகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டிருந்தான் கடைசியில்.

"வேண்டாம் அண்ணா. தெரிஞ்சா செத்துடுவாங்க. தெரியவே வேண்டாம்."

அந்தப் பக்கம் அறையில் பூசணிக்கஞ்சி அடுத்த தொடர் எது என்று பட்டியல் போட ஆரம்பித்திருந்தாள். நடுவில் திடீரென்று கேட்டாள்.

"ஏய் நூடுல்ஸ், என்னடீ சத்தத்தையே காணோம்? கோழி வந்துச்சா இல்லையா?"

ஹேரின் மூக்கைச் சிந்திக்கொண்டாள். கூப்பன் இன்னும் தொடாமல் இருந்தது.

"வந்துச்சுக்கா. சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்று எழுதினாள். "சூடா நல்லா இருக்கு."